விமானப் பாதைப் படத்தில் நேர்கோடு போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராஜபாளையத்திலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்ந்ததும் உங்கள் நாளிதழைக் கையில் எடுப்பது பல வருடப் பழக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இதழில் நீண்ட தூர விமானங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்தது. கட்டுரை நன்றாகவே இருந்தது. அதோடு போட்டிருந்த படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உலக வரைபடத்தில் துபாயில் ஒரு புள்ளி, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவில் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு எகிப்து, லிபியா, மொராக்கோ என்று சகாரா பாலைவனத்தின் மேல் போய், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, அமெரிக்காவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கலிபோர்னியாவில் போய் முடிந்தது. துபாயில் கிளம்பி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிற விமானம் அந்தக் கோட்டின் மேல் போவதில்லை.

ஒரு சின்னப் படத்துக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருவில் நடந்ததைக் கேட்டால் ஏன் எழுதுகிறேன் என்று புரியும்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரே மகள். கணவர் மில்லில் வேலை பார்த்தவர், காலமாகிப் பல வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகி சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருக்கிறாள். பிரசவத்துக்கு இங்கே வந்தவள், குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கிளம்பினாள். தென்காசி, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய், அங்கே ஏறி, துபாயில் விமானம் மாறுவதாக ஏற்பாடு. இரண்டாவது விமானம் நம் நேரப்படி காலை பத்தரை போல துபாயில் புறப்பட்டது. பதினாறு மணி நேரப் பயணம். மருமகன் முன்னாலேயே அக்காவின் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் உலக வரைபடம் தெரியும், அதன் மேல் குட்டி விமானம் நகர்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அக்கா அடுப்பே பற்ற வைக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரம். கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கை நடுங்கியது. "டீச்சர், பிளேன் வழி மாறிப் போயிருச்சு. அமெரிக்காவுக்குப் போகாம நேரா மேலயே போய்க்கிட்டு இருந்துச்சு. இப்பப் படத்தை விட்டே வெளிய போயிருச்சு. பிள்ளைக்கு என்னாச்சுன்னு தெரியல டீச்சர்" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். துபாயிலிருந்து கிளம்பிய கோடு செங்குத்தாக வடக்கே ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, படத்தின் மேல் விளிம்பில் முட்டி நின்றது. விமானத்தைக் காணோம்.

அந்த நேரத்தில் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நாள் முன்னால்தான் உங்கள் இதழின் படத்தை அவரும் பார்த்திருந்தார். மகள் போகப்போகிற வழி என்பதால் வெட்டிப் பூஜை அறை அலமாரியில் வைத்திருந்தார். அந்தச் சிவப்புக் கோடு மேற்கே போகிறது. மகளும் பேத்தியும் இருக்கிற விமானம் வடக்கே போகிறது. எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது?

அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய் என் உலக உருண்டையை எடுத்து வந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதுரை புதுமண்டபத்துப் புத்தகக் கடை ஒன்றில் வாங்கியது. பன்னிரண்டு அங்குல உருண்டை. அதில் இன்னமும் சோவியத் யூனியன் என்றுதான் இருக்கும். பசிபிக் பக்கம் வெயில் பட்டு நீலம் வெளுத்துவிட்டது. ஆனால் தூரம் அளக்க அதைவிட நல்ல கருவி என் வீட்டில் இல்லை.

நூலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மில் கோனில் மிச்சமிருந்த நூலில் ஒரு முழம் அறுத்துக்கொண்டேன். ஒரு நுனியைத் துபாயின் மேல் வைத்து அக்காவின் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மறு நுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து மெல்ல இழுத்தேன். முதலில் நூலை வேண்டுமென்றே அட்லாண்டிக் பக்கம் தொய்வாகத்தான் போட்டிருந்தேன். இறுக்க இறுக்க அது தானாக வடக்கே வழுக்கி ஏறியது. முழுக்க விறைத்து நின்றபோது எங்கே கிடந்தது தெரியுமா? ஈரான், காஸ்பியன் கடலின் கிழக்குக் கரை, உரால் மலைகளுக்குச் சற்று மேற்கே, ரஷ்யாவின் வடகோடியில் இருக்கிற நோவயா செம்லியா தீவுகளின் மேற்கு ஓரம், அப்புறம் உருண்டையின் உச்சியில் வடதுருவத்தைப் பிடித்து வைத்திருக்கிற அந்தச் சின்னத் திருகை உரசிக்கொண்டு மறுபக்கம் இறங்கி, கனடா வழியாகக் கலிபோர்னியா. அக்கா மற்றக் கையின் ஆள்காட்டி விரலால் நூலின் மேலேயே தடவிக்கொண்டு போனார். திருகுக்கு வந்ததும் விரல் நின்றது. "இப்ப இங்கதான் இருக்காளா?" என்று கேட்டார். "ஆமாக்கா, ஏறக்குறைய அங்கதான். சரியான வழியிலதான் போறாங்க" என்றேன்.

படத்தை விட்டு விமானம் வெளியே போனதற்கும் காரணம் இருக்கிறது. போனில் வருகிற வரைபடங்கள் பெரும்பாலும் வடக்கே சுமார் 85 பாகையோடு வெட்டப்பட்டவை. அதற்கு மேலே துருவம் வரைக்கும் உள்ள பகுதியை அந்த வகைப் படத்தில் காட்டவே முடியாது, துருவத்தை நெருங்க நெருங்கப் படம் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். விமானமோ 88 பாகை வரைக்கும் போகிறது. அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் படத்தில் அதற்கு இடமே கிடையாது. ஏழே முக்கால் மணி போல, படத்தின் இன்னொரு மூலையில், கனடாவுக்கு மேலே, அதே விமானம் தெற்கு நோக்கி இறங்கி வந்தது. அக்கா அப்போதுதான் அழுதார். இரவு இரண்டரைக்கு மகளிடமிருந்து செய்தி வந்தது.

மறுநாள் காலை அக்கா என்னிடம் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன். "உலகம் உருண்டைன்னு நானும் அஞ்சாங்கிளாஸ்ல படிச்சேன் டீச்சர். அப்புறம் ஏன் பிளேன் போற படத்தை மட்டும் தட்டையா போடுறாங்க?"

ஆசிரியர் அவர்களே, இது உங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம் பெருவட்டத்தின் ஒரு துண்டு. பூமியைச் சரிபாதியாக வெட்டுகிற எந்த வட்டமும் பெருவட்டம்தான். பூமத்தியரேகை ஒரு பெருவட்டம். துருவங்கள் வழியாகப் போகிற தீர்க்கரேகை, பூமியின் மறுபக்கம் எதிரே இருக்கிற தீர்க்கரேகையோடு சேர்ந்தால் அதுவும் ஒரு பெருவட்டம். துபாய் கிழக்கே 55 பாகையில் இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோ மேற்கே 122 பாகையில். கூட்டினால் 177. இன்னும் மூன்று பாகை இருந்தால் நேருக்கு நேர் எதிரே இருக்கிற தீர்க்கரேகை. அதனால்தான் இரண்டுக்கும் உள்ள குறுக்கு வழி கிட்டத்தட்ட துருவத்தின் மேலேயே போகிறது. இந்த ஒன்றை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் குழந்தைகள் அடுத்த நாளே தானாக வேறு ஊர்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

அந்த நூலின் நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாணும் நாலு விரலும். அடிமட்டத்தில் 31 சென்டிமீட்டர். பன்னிரண்டு அங்குல உருண்டையின் சுற்றளவு சுமார் 96 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய 417 கிலோமீட்டர். 31ஆல் பெருக்கினால் 12,900க்கு மேல் வருகிறது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே கணக்கிட்ட தூரம் சுமார் 13,040 கிலோமீட்டர். ஒரு முழ நூலை வைத்துக்கொண்டு திண்ணையில் இந்த அளவுக்குச் சரியாக அளக்க முடிகிறதே!

அப்புறம் உங்கள் சிவப்புக் கோட்டையும் அதே நூலால் உருண்டையின் மேல் போட்டுப் பார்த்தேன். எகிப்து, லிபியா, மொராக்கோ என்று ஒவ்வொரு இடமாக விரலால் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது, விட்டால் நூல் வழுக்கி வடக்கே ஓடிவிடும். அந்த வழி 40 சென்டிமீட்டரைத் தாண்டியது. கிலோமீட்டரில் சுமார் 16,900. அதாவது குறுக்கு வழியைவிட 3,800 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை இந்தியாவின் நீளமே 3,214 கிலோமீட்டர்தான். படத்தில் நேராகத் தெரிகிற கோடு, உண்மையில் ஒரு இந்தியாவின் நீளத்தைவிடப் பெரிய சுற்று. விமானத்துக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தட்டைப் படத்தை நான் குறை சொல்லவில்லை. சுவரில் தொங்குகிற அந்த உலகப் படத்தின் மூல வடிவத்தை 1569இல் மெர்காட்டர் வரைந்தது கடலோடிகளுக்காக. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஓட்டினால், அந்த வழி அவர் படத்தில் நேர்கோடாக விழும். பாய்மரக் கப்பலுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த உதவிக்காக அளவுகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஊதிப் பெருத்துத் தெரியும். கிரீன்லாந்தைப் பாருங்கள். அந்தப் படத்தில் இந்தியாவைப்போலப் பல மடங்கு பெரிதாக நிற்கும். உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் பரப்பு சுமார் 32.9 லட்சம். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிரீன்லாந்து. இதைச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட முதலில் நம்ப மாட்டார்கள்.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கிற என் பழைய மாணவர் ஒருவர் இஸ்லாமியர். அங்கே போன புதிதில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மக்கா தென்கிழக்கில்தானே இருக்க வேண்டும், இங்கே பள்ளிவாசலில் வடகிழக்கைப் பார்த்து, அதுவும் வடக்கை ஒட்டி நின்று தொழுகிறார்களே, ஏன் டீச்சர் என்று கேட்டிருந்தார். காரணம் அதே நூல்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மக்காவுக்கு நூலை இறுக்கிப் பிடித்தால், அது வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 19 பாகை சாய்ந்து கிளம்பும். அந்தப் பள்ளிவாசலில் இருக்கிறவர்கள் உலகம் உருண்டை என்பதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் நிற்கிறார்கள் என்று பதில் எழுதினேன்.

தூரத்தை எண்ணில் எழுதும்போதும் ஒரு கவனம் வேண்டும். துபாய்–சான் பிரான்சிஸ்கோ தூரம் 13,040 என்றும் வரும், 8,100 என்றும் வரும், 7,040 என்றும் வரும். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது நிலத்தில் அளக்கிற மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகள் கணக்கு கடல் மைலில்தான். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். வெளிநாட்டுச் செய்தியிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு அலகை மாற்றாமல் போட்டுவிட்டால் வாசகர் குழம்பிப் போவார். இந்த அலகுகள் பிறந்த விதமும் அழகானது. தீர்க்கரேகையின் வழியே ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு தூரம்தான் கடல் மைல். பிரெஞ்சுக்காரர்கள் 1790களில் மீட்டரை உருவாக்கியபோது, வடதுருவத்திலிருந்து பூமத்தியரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று முழு எண்ணாக வருவது அதனால்தான். தூரத்தின் அலகே இந்த உருண்டையிலிருந்து வந்ததுதான். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

விமானம் எப்போதும் நூல் பிடித்த மாதிரியே போகும் என்றும் சொல்ல முடியாது. இதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நூலை வைத்துப் பார்த்துவிட்டு விமானம் வேறு பக்கம் போகிறதே என்று இன்னொரு அக்கா பயப்படுவார்.

காற்று ஒரு காரணம். ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்று மணிக்கு இருநூறு கிலோமீட்டரையும் தாண்டும். அது பின்னாலிருந்து தள்ளினால் சுற்றிப் போனாலும் லாபம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாக அனுப்பியது. அந்த வழி சுமார் 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். சிங்கப்பூர்–நியூயார்க் விமானமும் அப்படித்தான். தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர் என்று போடுகிறோம். அது துருவத்தை ஒட்டிய நூலின் நீளம். விமானமோ பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

மலையும் ஒரு காரணம். திபெத் பீடபூமியின் மேல் நெடுந்தூரம் பறப்பதை விமானங்கள் தவிர்க்கின்றன. உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகள் மூச்சுவிட வசதியாகச் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு உடனே இறங்கியாக வேண்டும். அங்கே தரையே நாலரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கே இறங்குவது?

நாடுகளின் சண்டை இன்னொரு காரணம், எனக்கு மனம் கனப்பது இதில்தான். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்குள் போய்க்கொண்டிருந்த பின்லாந்து விமானத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் தேவைப்பட்டது. ரஷ்யாவைத் தொடாமல் துருவத்தின் மேல் ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கிப் போனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போனதும், சில இடையில் இறங்கி எரிபொருள் நிரப்பியதும் உங்கள் இதழிலேயே வந்த செய்தி. ஊர்கள் நகரவில்லை, தூரமும் மாறவில்லை. பயணம் மட்டும் நீண்டது. கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற தாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இந்த மாதிரி நேரத்தில் வழக்கமான வழியையும் புதிய வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால், ஒரு பக்கச் செய்தி சொல்லாததை அந்தப் படம் சொல்லிவிடும். இரண்டையும் தட்டைப் படத்தில் நேர்கோடாகப் போட்டால் ஒன்றும் விளங்காது.

துருவ வழி புதிதும் அல்ல. 1954 நவம்பரில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடதுருவப் பகுதி வழியாகப் பயணிகள் விமானம் விட்டது. கிரீன்லாந்திலும் கனடாவிலும் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனது. துருவத்துக்குப் பக்கத்தில் காந்த ஊசியை நம்ப முடியாது என்பதால் அதற்கென்று தனி வழிகாட்டும் முறையைக் கையாண்டார்கள். இவ்வளவு வருடமாக மனிதர்கள் போய் வருகிற வழி அது. நம் பத்திரிகைப் படங்களில் மட்டும் இன்னும் வரவில்லை.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உலக உருண்டை இருந்தது. எங்கே இருந்தது? அலுவலக அறைப் பீரோவின் மேலே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தணிக்கையில் கணக்குக் காட்ட வேண்டும், பிள்ளைகள் உடைத்துவிட்டால் யார் பொறுப்பு என்று சொல்லி வகுப்புக்குத் தர மாட்டார்கள். மூன்று வருடம் கேட்டும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் என் வீட்டு உருண்டையைப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க நூல் வேலைதான். சிட்னியிலிருந்து சிலி நாட்டின் சாந்தியாகோவுக்கு எப்படிப் போவாய் என்று கேட்பேன். சுவர்ப் படத்தைப் பார்த்துவிட்டு, பசிபிக்கின் நடுவில் நேராகக் கிழக்கே கை காட்டுவார்கள். நூலைக் கொடுத்து உருண்டையில் பிடிக்கச் சொன்னால், அது தெற்கே இறங்கி 60 பாகையையும் தாண்டி, அண்டார்டிகாவை எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறும். "டீச்சர், இழுக்க இழுக்கக் கீழ போகுது டீச்சர்!" என்று ஒரு பெண் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் அப்பாவும் மில் தொழிலாளி. நூல் பிடிக்கிற கை அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. விறைப்பாக, ஆனால் அறுந்து போகாமல் பிடித்தாள்.

உருண்டையைப் பீரோவின் மேலிருந்து இறக்கி வகுப்பு மேசையில் வைக்கச் செலவு ஒன்றும் இல்லை. தலைமை ஆசிரியர்களில் பலர் உங்கள் இதழைப் படிக்கிறவர்கள், அதனால்தான் இதையும் இங்கே எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். விமானப் பாதையைப் படமாகப் போடும்போது வளைந்த கோடாகவே போடுங்கள். பெருவட்டக் கோட்டைக் கணினி நொடியில் வரைந்து தரும், உங்கள் வரைகலைப் பிரிவில் இருக்கிறவர்களுக்கு அது பெரிய வேலை அல்ல. துருவத்தை ஒட்டிப் போகிற பாதை என்றால், வடதுருவத்தை நடுவில் வைத்து மேலிருந்து பார்க்கிற மாதிரி வட்டமான வரைபடத்தைப் போடுங்கள், வளைவுகூட வேண்டியிருக்காது. தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுங்கள், அது விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரமா, விமானம் அன்று பறந்த தூரமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் நம்பி எடுத்து வைப்பது நீங்கள் போடுகிற படத்தைத்தான்.

எதிர்வீட்டு அக்கா பூஜை அறை அலமாரியிலிருந்து உங்கள் படத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் நூலைச் சுற்றி வைத்திருக்கிறார். மகள் அடுத்த தடவை வரும்போது பேத்திக்கு இரண்டு வயது ஆகியிருக்கும், உருண்டையைக் கொஞ்சம் கடன் கொடுங்கள் டீச்சர் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தோடு 31 சென்டிமீட்டர் நூல் ஒன்றை மடித்து இணைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு அங்குல உருண்டை இருந்தால், ஒரு நுனியைத் துபாயில் வைத்து மறு நுனியை சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பாருங்கள். வேறு எந்த வழியில் பிடித்தாலும் அது எட்டாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
ராஜபாளையம்